இழுவைச் சக்தி தெரியும், இழுவைச் செலவு எங்கே?

"கண்ணாடியில நூறு கிலோமீற்றருக்கு 12 லீற்றர் எண்டு ஒட்டியிருந்தது தம்பி. பெட்டியைக் கொழுவிக்கொண்டு போக 24 குடிக்குது. எனக்குத்தான் ஓடத் தெரியேல்லையோ எண்டு யோசிச்சன்."

இதைச் சொன்னவர் எங்களில் ஒருவரின் அத்தான். ஒன்ராறியோவில் இருக்கிறார். ஏழு வருடக் கடனில் ஒரு பிக்கப் ட்ரக்கும், பின்னால் இழுத்துக்கொண்டு போய் காட்டோரம் தங்குவதற்கு ஒரு காம்பர் ட்ரெயிலரும் வாங்கியிருக்கிறார். ட்ரெயிலர் என்றால் எங்கட உழவு மெசின் பெட்டி மாதிரி இல்லை. கட்டில், அடுப்பு, கக்கூசு எல்லாம் வைத்த ஒரு சின்ன வீடு.

முதலில் நாங்கள் சிரித்தோம். உண்மையைச் சொல்லத்தானே வேண்டும். 2022 இல் பெற்றோலுக்காக இரவிரவாக ரோட்டில் படுத்த ஆக்கள் நாங்கள். கியூஆர் வந்த புதிதில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. அத்தான் போக வர 600 கிலோமீற்றர் ஓடி, இரண்டு இரவு காட்டில் படுத்துவிட்டு வருகிறார். ஸ்டிக்கரின்படி 72 லீற்றர் போதும், உண்மையில் 144. அந்த மேலதிக 72 லீற்றர் மட்டும் எங்கட மோட்டார் சைக்கிளின் 18 கிழமைப் பங்கு. "வசதியான ஆக்களுக்கு வசதியான கவலை" என்று சொல்லி விட்டிருக்கலாம்.

ஆனால் அவர் கடைசியாகச் சொன்ன வசனம் எங்களை விடவில்லை. எனக்குத்தான் ஓடத் தெரியேல்லையோ. ஒரு பொருளை வித்தவன் சொல்லாமல் விட்ட விசயத்துக்கு வாங்கினவன் தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொள்கிறான். எங்கட சண்டை இந்த இடத்தில்தான்.

அத்தானுக்கு நன்றாகவே ஓடத் தெரியும். அவரின் வாகனத்தில் பழுதும் இல்லை. உயரமான காம்பர் ட்ரெயிலரை இழுக்கும் பிக்கப்புக்கு இரண்டு மடங்கு எரிபொருள் போவது சாதாரணம். வெறும் வாகனமாக லீற்றருக்கு எட்டு, எட்டரைக் கிலோமீற்றர் ஓடுவது, ட்ரெயிலரோடு நாலு, நாலரைக்கு இறங்கும். அங்கே இழுத்து ஓடுகிற எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். செய்த கம்பனிக்குத் தெரியும், வித்த ஆளுக்கும் தெரியும். காசு கட்டின ஆளுக்கு மட்டும் முதல் பயணத்தில்தான் தெரிய வருகிறது.

ஏன் இரண்டு மடங்கு? பாரம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பாரம் கணக்கில் வருவது உண்மை. வெளிக்கிடும்போதும் ஏற்றத்தில் ஏறும்போதும் அது எஞ்சினைப் பிழிந்து எடுக்கும். ஆனால் மட்டமான நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது பெரிய எதிரி காற்று. இந்த ட்ரெயிலர்கள் ஏறக்குறைய எட்டு அடி அகலம். ட்ரக்கின் கூரைக்கு மேலாலும் நிமிர்ந்து நிற்கும் ஒரு சுவர். சைக்கிளில் எதிர்க்காற்றுக்கு மிதிக்கும்போது முதுகில் ஒரு கதவைக் கட்டிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? அதே கதைதான். அதே பாரமுள்ள வள்ளத்தை, தட்டையான வண்டியில் ஏற்றி இழுத்தால் இவ்வளவு குடிக்காது. நெடுஞ்சாலையில் நிறையை விட உருவத்துக்குத்தான் விலை அதிகம்.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். சாதாரண தரத்துப் பௌதிகம். மணிக்கு 88 கிலோமீற்றரில் போகிறவர் 105 க்குக் கூட்டினால் வேகம் கூடுவது 19 வீதத்துக்குக் கிட்ட. காற்றின் எதிர்ப்புக் கூடுவது 40 வீதத்துக்கு மேல். இது ரகசியம் இல்லை. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1974 இல் அமெரிக்கா நாடு முழுக்க மணிக்கு 55 மைல் என்று வேகத்தைக் கட்டினது. அது 88 கிலோமீற்றர். 1995 இல் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் கலிபோர்னியாவில் ட்ரெயிலர் இழுக்கும் வாகனத்துக்கு இன்றைக்கும் 55 மைல்தான் எல்லை.

சரி, அந்த 12 லீற்றர் எங்கிருந்து வந்தது? பரிசோதனைக் கூடத்தில் இருந்து. வாகனத்தை உருளைகளின் மேல் ஏற்றி, குறித்த வேகங்களில் ஓடவிட்டு, புகையை அளந்து கணக்கிடுகிறார்கள். அந்த அளவீட்டில் பின்னால் ட்ரெயிலரின் சுமை கிடையாது. அமெரிக்காவில் ஒட்டும் ஸ்டிக்கரும் கனடாவில் ஒட்டும் ஸ்டிக்கரும் இதில் ஒன்றுதான்.

"பரிசோதனைக் கூடத்தில் எல்லாத்தையும் அளக்க ஏலாது" என்று சிலர் சொல்வார்கள். இந்தச் சாட்டு எடுபடாது. பழைய ஸ்டிக்கர் இலக்கங்கள் உண்மையான ஓட்டத்தோடு பொருந்தவில்லை என்ற முறைப்பாடு கூடினபோது, 2008 மாடல் வாகனங்களில் இருந்து அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகவரகம் முறையையே மாற்றினது. கூடின வேகம், ஏசி போட்டு ஓடுவது, குளிரில் ஓடுவது எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தார்கள். 2015 மாடல்களில் இருந்து கனடாவும் அந்த வழிக்கு வந்தது. ஏசி குடிக்கிறதை அளக்கலாம் என்றால், ஏசியை விட எத்தனையோ மடங்கு குடிக்கிற ட்ரெயிலரை ஏன் அளக்க ஏலாது?

இன்னொரு சாட்டு: "ட்ரெயிலர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. எந்த ட்ரெயிலருக்கு இலக்கம் சொல்றது?" ஓட்டுநர்களும் ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரித்தானே? அதற்காக ஸ்டிக்கரை வெறுமையாக விட்டார்களா? உங்கள் ஓட்டத்தைப் பொறுத்து மாறும் என்று சின்ன எழுத்தில் போட்டுவிட்டு இலக்கத்தைப் பெரிதாகப் போடுகிறார்கள். அதையே இதற்கும் செய்யலாம்.

அதை விட, இழுவைப் பரிசோதனைக்கு ஒரு நியமம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் பெயர் எஸ்.ஏ.ஈ. ஜே2807. இது கட்டாயம் இல்லை என்றாலும் பெரிய பிக்கப் உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் இதைத்தான் பின்பற்றுகிறார்கள். நிறைக்கு ஏற்ப ட்ரெயிலரின் முன்பக்கப் பரப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்றுகூட அதில் வகுத்திருக்கிறார்கள். அரிசோனாவில் டேவிஸ் அணைக்குப் பக்கத்தில் இருக்கும் நீண்ட ஏற்றத்தை வைத்து, ஏசியை முழுக்கப் போட்டுக்கொண்டு, ட்ரெயிலரோடு ஏற முடிகிறதா என்று பார்க்கிறார்கள். பிரேக், திரும்பும்போது உறுதி, புறப்படும் வேகம் எல்லாம் பார்க்கிறார்கள். அந்தப் பரிசோதனையில் இருந்துதான் "இத்தனை ஆயிரம் கிலோ இழுக்கும்" என்ற விளம்பரம் பிறக்கிறது.

ட்ரக்கும் இருக்கிறது, நியமத்துக்கு அமைந்த ட்ரெயிலரும் இருக்கிறது, அளக்கத் தெரிந்த எஞ்சினியர்மாரும் இருக்கிறார்கள். அதே சோடியை ஒரு மட்டமான பாதையில் 90 இலும் 105 இலும் ஓடவிட்டு, எவ்வளவு எரிந்தது என்று எழுதினால் போதும். அந்த ஒரு வரி மட்டும் இல்லை. இதை மறதி என்று எங்களுக்கு யாரும் சொல்ல வராதீர்கள்.

இதை விட மோசமான ஒன்றும் இருக்கிறது. மொத்த அனுமதிக்கப்பட்ட நிறை 3,856 கிலோவைத் தாண்டினால், அந்தப் பிக்கப்புகளுக்குப் பெரும்பாலும் எரிபொருள் ஸ்டிக்கரே கட்டாயம் இல்லை. பெரிய ட்ரெயிலர் இழுக்க வேண்டும் என்று போகிறவருக்குக் கடைக்காரர் காட்டுவது அந்த வகைதானே. கூடக் குடிக்கிற வாகனத்துக்குக் குறைந்த தகவல். சின்னக் கார் வாங்குகிற பிள்ளைக்கு நூறு கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் என்று தசமத்தில் சொல்கிற அரசாங்கம், இவருக்கு ஒன்றும் சொல்லாது.

சட்டம் பிக்கப்பை எப்படிப் பார்க்கிறது என்பதையும் பாருங்கோ. 1978 இல் அமெரிக்கா அதிகம் குடிக்கிற கார்களுக்கு ஒரு வரி கொண்டுவந்தது. பிக்கப்புக்கு அது இல்லை, ஏனென்றால் அது தொழில் செய்கிற வாகனமாம். வரிக்கு வரும்போது அது வேலை வாகனம். ஸ்டிக்கருக்கு வரும்போது பின்னால் ஒன்றும் இல்லாத வெறும் கார். விளம்பரத்துக்கு வரும்போது மலையை இழுக்கும் யானை. எந்த இடத்தில் எது லாபமோ அந்த வேசம்.

மின்சாரப் பிக்கப் வந்தபோதுதான் கொஞ்சம் சாயம் வெளுத்தது. ட்ரெயிலர் கொழுவினால் ஓடும் தூரம் ஏறக்குறைய பாதியாகிறது என்று பரிசோதித்த பத்திரிகைகள் எழுதின. உடனே "மின்சார வாகனம் இழுவைக்குச் சரிவராது" என்று ஒரே கூச்சல். சார்ஜ் ஏற்ற நேரம் எடுக்கும், ட்ரெயிலரோடு நிறுத்த இடமும் குறைவு என்பது உண்மைதான். ஆனால் பாதியாவது பெற்றோல் பிக்கப்பிலும் நடக்கிற விசயம். அங்கே சில மாடல்களில் 136 லீற்றர் தாங்கி இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிட்டுப் போகலாம். பெரிய தாங்கி அந்த உண்மையை மூடி வைத்திருந்தது, அவ்வளவுதான்.

"அப்ப ஊர் சுற்றக் கூடாதா?" என்று கேட்பீர்கள். எங்கட பக்கத்திலேயே அப்படிச் சொல்கிற தோழர்கள் இருக்கிறார்கள். காம்பர் என்றாலே நடுத்தர வர்க்கத்தின் ஆடம்பரம் என்று முடித்துவிடுவார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. வருடம் முழுக்க இரண்டு வேலை செய்கிற குடும்பம் பிள்ளைகளோடு மூன்று நாள் ஆற்றங்கரையில் படுக்க ஆசைப்படுவது குற்றமா? ஹோட்டல் காசு கட்டுப்படியாகாமல்தான் பலர் ட்ரெயிலருக்குப் போகிறார்கள். எங்கட கோபம் அவர்களின் ஆசையில் இல்லை. ஆசையை அறிந்த பிறகு உண்மையை மறைத்து விற்பதில்தான்.

உண்மை தெரிந்தால் தெரிவும் மாறும். 1968 இல் கனடாவின் வினிபெக்கில் போலர் என்றொரு ட்ரெயிலர் செய்யத் தொடங்கினார்கள். 13 அடி நீளம், முட்டை மாதிரி உருண்டை, பைபர் கிளாஸ், நிறை ஏறக்குறைய அரைத் தொன். சாதாரணக் காரே இழுக்கும். அமெரிக்காவில் 1936 இலேயே ஏர்ஸ்ட்ரீம் கம்பனி வளைந்த அலுமினிய ட்ரெயிலர் விற்றது. காற்றுக்கு எந்த உருவம் நல்லது என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்த விசயம். செலவு ஸ்டிக்கரில் தெரியாத சந்தையில் நல்ல உருவத்துக்கு என்ன மதிப்பு? சதுரப் பெட்டி செய்ய லேசு, உள்ளே இடமும் கூட. எரிகிறது வாங்கினவரின் காசுதானே.

அதனால் நாங்கள் கேட்பது மூன்று. ஒன்று, இழுவைச் சக்தியை விளம்பரம் செய்கிற எந்த வாகனமும் அதே எழுத்தளவில் இழுவைச் செலவையும் போட வேண்டும், இரண்டு வேகங்களில். இரண்டு, கனமான பிக்கப்புகளுக்கும் ஸ்டிக்கர் கட்டாயமாக வேண்டும். மூன்று, ட்ரெயிலரிலும் ஒரு ஸ்டிக்கர் வேண்டும். நிறையை மட்டும் எழுதாமல் முன்பக்கப் பரப்பையும் காற்று எதிர்ப்பையும் எழுதட்டும்.

இதெல்லாம் எங்கட ஊர்க் கதை இல்லையே என்று நினைக்காதீர்கள். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்த பிறகு, டபுள் கெப் விளம்பரங்கள் இங்கேயும் வருகின்றன. எத்தனை குதிரைச் சக்தி, எத்தனை தொன் இழுக்கும் என்று பெரிதாக இருக்கும். பாரம் ஏற்றினால் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று தேடிப் பாருங்கோ. வாங்கப் போகிற மாமாவோ சித்தப்பாவோ பக்கத்தில் இருந்தால், அந்தக் கேள்வியை அவர்களைக் கொண்டே கடைக்காரரிடம் கேட்க வையுங்கோ.

அத்தானுக்கு நாங்கள் சொன்னது இவ்வளவுதான். தாங்கியை நிரப்பி, தூரத்தைக் குறித்து, திரும்ப நிரப்பி, ஒவ்வொரு பயணத்துக்கும் கணக்கு எழுதுங்கோ. 105 இல் ஒருக்கா, 90 இல் ஒருக்கா. எழுதினதைக் கொண்டுபோய் வித்தவரின் மேசையில் வையுங்கோ. அடுத்ததாக வாங்க நிற்கிற ஆளுக்கும் ஒரு பிரதி குடுங்கோ.

ஓடத் தெரியாதது உங்களுக்கு இல்லை அத்தான். சொல்ல மனமில்லாதது அவங்களுக்கு.