காப்பி என்று சொல்லும் முன் அந்த டிராம்போனைக் கேளுங்கள்

'தி ஸ்பெஷல்ஸ்' குழுவின் முதல் ஆல்பம் பற்றிப் பேச்சு எடுத்தால் போதும், எங்கிருந்தாவது ஒரு குரல் வந்துவிடும்: "அதுல பாதி ஜமைக்காக்காரன் பாட்டுங்க. வெள்ளைக்காரன் சுட்டுட்டு பேர் வாங்கிட்டான்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு உதைக்கிறது.

முதலில் விவரம். இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்துக் குழு இது. ஆல்பம் வெளிவந்தது 1979 அக்டோபரில். தயாரித்தவர் எல்விஸ் காஸ்டெல்லோ. 14 பாடல்கள். பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 4-ஆம் இடம். இசை, ஸ்கா. 1950களின் கடைசியில் ஜமைக்காவில் பிறந்து, வேலை தேடிக் கப்பலேறியவர்களோடு இங்கிலாந்து வந்து சேர்ந்தது.

சரி, யார் அந்த 'வெள்ளைக்காரன்'? குழுவில் 7 பேர். நெவில் ஸ்டேபிள், லின்வால் கோல்டிங் இருவரும் ஜமைக்காவில் பிறந்த கறுப்பர்கள். சொந்த வீட்டுப் பாத்திரத்தை எடுத்துச் சமைப்பது திருட்டா?

ஆல்பத்தின் முதல் பாட்டு 'எ மெசேஜ் டு யூ ரூடி'. இதன் மூலத்தை டேண்டி லிவிங்ஸ்டன் 1967-ல் பாடினார். அதில் டிராம்போன் வாசித்தவர் ரிகோ ரோட்ரிகஸ். 12 வருஷம் கழித்து ஸ்பெஷல்ஸ் அதே பாட்டை எடுத்தபோது டிராம்போன் வாசித்தவர் யார்? அதே ரிகோ! திருடுகிறவன் உரிமையாளரைக் கூப்பிட்டு ஸ்டுடியோவில் நிற்கவைப்பானா?

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "வெறும் குத்தாட்டப் பாட்டு, இதில் என்ன அரசியல்?" என்பார்கள். அந்தக் காலத்தைப் பாருங்கள். ஈனாக் பவல் பர்மிங்காமில் குடியேறிகளுக்கு எதிராகப் பேசியது 1968. அதே பர்மிங்காமில், மேடையில் நின்று எரிக் கிளாப்டன் அவருக்கு ஆதரவு சொன்னது 1976. கறுப்பர்களின் ப்ளூஸை வாசித்துப் பிழைத்த மனிதர்! 1979 தேர்தலில் நேஷனல் ஃப்ரண்ட் என்ற இனவெறிக் கட்சி 300-க்கும் மேற்பட்ட தொகுதிகளில் நின்றது. பர்மிங்காமுக்குப் பக்கத்து ஊர்தான் கவென்ட்ரி. அங்கிருந்து கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடை ஏறினார்கள். ஆட வந்த கூட்டத்தில் அந்தக் கட்சியின் ஆட்களும் இருந்தார்கள். அவர்கள் காதிலும் விழட்டும் என்றுதான் 'டஸன்ட் மேக் இட் ஆல்ரைட்' பாடப்பட்டது. ஏற்கெனவே ஒத்துக்கொண்டவர்களிடம் மட்டும் பேசுவதில் என்ன பெருமை?

இந்த ஆல்பத்தைத் திட்டியே ஆகவேண்டுமா? திட்டுங்கள், ஆனால் சரியான இடத்தில் திட்டுங்கள். 'டூ மச் டூ யங்' பாட்டில், சின்ன வயதில் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணைக் கேலி செய்கிறார்கள். திட்டு முழுக்க அவளுக்குத்தான். 'லிட்டில் பிட்ச்' பற்றித் தலைப்பே சொல்லிவிடும். தோலின் நிறம் பார்த்து நடக்கும் அநியாயம் தெரிந்த 7 ஆண்களுக்கு, பெண்ணுக்கு நடப்பது தெரியவில்லை. 'டூ மச் டூ யங்'கின் மேடைப் பதிவு 1980-ல் முதலிடத்துக்கே போனது. கேட்டவர்களுக்கும் அது உறுத்தவில்லை போலிருக்கிறது! இதை விட்டுவிட்டுக் 'காப்பி' என்று கத்துவது, ஓட்டை ஒரு பக்கம் இருக்க வேறு பக்கம் அடைக்கிற வேலை.

ஆல்பம் வந்ததால் இனவெறி ஒழிந்ததா? இல்லை. 1980-ல் லண்டனில் கோல்டிங்கையே இனவெறியர்கள் அடித்துப்போட்டார்கள். 'ஒய்?' என்று கேட்டு அவர் எழுதிய பாட்டு 1981-ல் வந்தது. அதே வருஷம் குழுவும் உடைந்தது. பாட்டு சட்டம் போடாது. ஆனால் யாரோடு சேர்ந்து ஆடலாம் என்பதைக் கட்சிக்காரன் முடிவு செய்ய வேண்டாம் என்று சொல்லும். 1979-ல் அதைச் சொல்லத் துணிச்சல் வேண்டியிருந்தது.

திருட்டுக்கும் கடனுக்கும் வித்தியாசம் உண்டு. ஒன்று, கொடுத்தவன் பெயரை மறைக்கும். மற்றொன்று, அவனையே மேடையேற்றும். சந்தேகமிருந்தால் 1967 பதிவையும் 1979 பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அந்த டிராம்போன் பதில் சொல்லும்.