துருவத்து வானில் ஒரு கிழிசல்



மாதர் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஓர் அக்கா கேட்டார்: "பிள்ளை, ஓசோனிலை ஓட்டை எண்டு மகளின்ரை புத்தகத்திலை கிடக்கு. அது எங்கடை தலைக்கு மேலையோ?" சமூகவியல் படித்த எனக்கு உடனே பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து தேடி வாசித்தேன்.

எங்கள் தலைக்கு மேலே அல்ல; தென்துருவத்தில், அந்தாட்டிக்காவுக்கு மேலே. சூரியனின் கழியூதாக் கதிர்களைத் தடுக்கும் இந்த ஓசோனை முழுவதுமாக நிலமட்டத்துக்குக் கொண்டுவந்து அழுத்தினால் ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் தடிப்புத்தான் வரும். அவ்வளவு மெல்லியது.

அங்கே ஹலி என்ற இடத்தில் பிரித்தானிய ஆய்வாளர்கள் 1956 முதல் ஓசோனை அளந்து எழுதி வந்தார்கள். ஒக்ரோபர் மாதங்களில் 300 அலகளவில் இருந்தது 1984இல் 200க்கும் கீழே போய்விட்டது. ஜோ பார்மனும் இரு தோழர்களும் 1985இல் அதை வெளியிட்டபோது உலகம் திடுக்கிட்டது. பழைய கணக்கு இல்லாவிட்டால் குறைந்தது தெரிந்திருக்குமா? குறித்து வைப்பதன் பெறுமதியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடிதப் பிரதி, முறைப்பாட்டுத் துண்டு எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் சுற்றி, இடம்பெயர்ந்த இடமெல்லாம் கொண்டு திரிந்தவர்கள் அல்லவா நீங்கள்?

காரணத்தைத் தேடி 1986இல் அங்கே போன அமெரிக்கக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சுசான் சொலமன் என்ற பெண். வயது 30. (என்னைவிட இளையவர் என்று வாசித்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.) கடுங்குளிரில் நிலவொளியைக் கொண்டும் அளந்தார். குளிர்சாதனப்பெட்டியிலும் வாசனைத் தெளிப்பான்களிலும் பாவித்த குளோரோபுளோரோகாபன் வாயுக்களிலிருந்து வரும் குளோரீன், துருவத்துப் பனிமுகில்களில் வேலைசெய்து, வசந்தகால வெயில் பட்டதும் ஓசோனை அழிக்கிறது என்பது உறுதியானது.

1987இல் மொன்றியல் உடன்படிக்கை எழுதப்பட்டது. இலங்கை 1989இல் சேர்ந்தது. இன்று உலக நாடுகள் எல்லாமே அதில் உண்டு. ஆனாலும் அந்த வாயுக்கள் வானில் 50, 100 ஆண்டுகள் தங்குபவை. வடதுருவத்தில்கூட 2011இலும் 2020இலும் குளிர் மிகுந்தபோது ஓசோன் வெகுவாகக் குறைந்தது. 1980இல் இருந்த நிலைக்கு வடதுருவம் 2045 அளவிலும், தென்துருவம் 2066 அளவிலும் திரும்பலாம் என்று ஐக்கிய நாடுகளின் 2022 மதிப்பீடு கூறுகிறது.

அடுத்த கிழமை சந்தையில் அக்காவைக் கண்டு சொன்னேன். கூடையைக் கீழே வைத்துவிட்டு விரல்விட்டு எண்ணினார்.

"மகளுக்கு அப்ப ஐம்பத்தைஞ்சு வயசு, பிள்ளை" என்றார்.