கருமபீடத்தில் ஒருமை

மரியாதை பற்றிப் பாடசாலைக் கையேடுகள் எழுதுவது பெரும்பாலும் 'நன்றி', 'தயவுசெய்து', 'மன்னிக்கவும்' என்ற மூன்று சொற்களில் தொடங்கி அவற்றிலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் வன்னியில் ஒரு வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்தவர் அதற்கு நன்றி சொல்வது வழக்கமில்லை. சொன்னால், தங்களைப் பிறத்தியாராக வைத்துப் பேசுகிறார் என்றுதான் வீட்டுக்காரர் எடுத்துக்கொள்வார்கள். புறப்படும்போது 'போறன்' என்று சொல்லாமல் 'போயிட்டு வாறன்' என்று சொல்வதும், செத்தவீட்டிலிருந்து திரும்பும்போது அதைக்கூடச் சொல்லாமல் எழுந்து வருவதும், சாப்பாட்டு நேரத்தில் வந்தவரிடம் 'சாப்பிடுறீங்களோ' என்று கேட்டு நிற்காமல் கோப்பையை வைத்துவிடுவதும்தான் அங்கே நடைமுறையில் உள்ள ஒழுங்குகள். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, தாம் மதிக்கப்பட்டோமா இல்லையா என்பதை ஒருவர் கண்டுகொள்வது தம்மை நோக்கிச் சொல்லப்பட்ட வினைச்சொல்லின் கடைசி எழுத்துகளில்தான். அதாவது வந்தது 'வா' என்பதா, 'வாரும்' என்பதா, 'வாங்கோ' என்பதா என்பதில். எதிரில் நிற்பவரை முன்னிலைப்படுத்திப் பேசும் இந்த முறையை விளிப்பு என்று குறித்துக்கொண்டால், வவுனியா போன்ற ஒரு நகரத்தின் நாகரிகத்தை அளப்பதற்கு விழா மேடைகளில் போர்த்தப்படும் பொன்னாடைகளைவிட, அரச அலுவலகக் கருமபீடத்துக்கு உள்ளிருந்து வெளியே வரும் விளிப்பு நம்பகமான அளவுகோல் என்பது விளங்கும்.

இலங்கைத் தமிழில் முன்னிலைக்கு நீ, நீர், நீங்கள் என மூன்று படிகள் உண்டு. தமிழ்நாட்டின் பொதுப் பேச்சில் நடுப்படியான 'நீர்' நெல்லைப் பக்கம் போன்ற சில இடங்களைத் தவிர ஏறத்தாழ வழக்கிழந்துவிட, யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் அது இன்றும் புழங்குகிறது. ஆசிரியர் உயர்வகுப்பு மாணவரையும், மூத்த அலுவலர் இளையவரையும், கணவர் மனைவியையும் 'இரும்', 'சொல்லும்' என்பது அந்தப் படியில் நின்றுதான். மனைவி பதிலுக்கு 'இரும்' என்று சொல்வதில்லை. அவர் 'இருங்கோ' என்றே சொல்வார், கூப்பிட வேண்டி வந்தால் பெயரைத் தவிர்த்து 'இஞ்சாருங்கோ' என்பார். பழந்தமிழில் பலரைக் குறித்த பன்மைச் சொல்லே, ஒருவரைப் பலராக வைத்துப் பேசுவது உயர்வு என்ற எண்ணத்தால், மரியாதைச் சொல்லானது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரமே இதை உயர்சொல் என்று இனங்கண்டு, இது மக்கள் வழக்கில் வருவதேயன்றி இலக்கண நெறிப்படி அமைவதன்று என்றும் ஒதுக்கி வைத்திருக்கிறது. ஒதுக்கப்பட்ட அந்த வழக்குத்தான் பின்னர் மொழியையே ஆண்டது என்பது இலக்கணகாரர்களுக்குச் சற்றுக் கசப்பான செய்தியாக இருக்கலாம். 'நீர்' தேய்ந்து நடுப்படிக்கு இறங்கியபோது, 'கள்' ஏறிய 'நீங்கள்' மேற்படியைப் பிடித்துக்கொண்டது. 'அவர்' போதாமல் 'அவர்கள்' வந்ததும் அப்படியே.

ரோஜர் பிரவுண், அல்பேட் கில்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 1960இல் ஐரோப்பிய மொழிகளின் முன்னிலைப் பெயர்களை ஆராய்ந்து, அவற்றை இயக்கும் விசைகள் அதிகாரம், அணுக்கம் என இரண்டு என்று காட்டினர். இரு நண்பர்கள் ஒருவரை ஒருவர் 'நீ' என்றால் அது அணுக்கம். ஒருவர் 'நீ' என்க மற்றவர் 'நீங்கள்' என்றே பதில் சொல்ல வேண்டியிருந்தால் அது அதிகாரம். ஆகவே 'நீ' என்பது தன்னளவில் இழிசொல் அன்று. அதைத் திருப்பிச் சொல்லக் கேட்பவருக்கு உரிமை உண்டா என்பதே கேள்வி. கடவுளையும் தாயையும் தமிழர் 'நீ' என்று அழைப்பதில் யாரும் குறை காண்பதில்லை. கருமபீடத்தின் 'நீ'யைத் திருப்பிச் சொன்னால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

திருப்பிச் சொல்ல முடியாத இந்த ஒருமைக்கு வடக்கில் நீண்ட வரலாறு உண்டு. யாழ்ப்பாணத் தமிழில் சாதிக்கும் விளிப்புக்கும் உள்ள தொடர்பை மொழியியல் பேராசிரியர் சுசீந்திரராசா 1970களில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வயதில் மூத்தவரையே சாதி காரணமாகச் சிறுவர்கள் ஒருமையில் அழைத்த காலம் நெடுந்தொலைவில் இல்லை. அதே காலத்து விருந்தோம்பலில், உதடு படாமல் அண்ணாந்து குடிக்கும் மூக்குப்பேணி சிலருக்கும், சிரட்டை வேறு சிலருக்கும் என்று பாத்திரமும் பிரிந்தே இருந்தது. இரண்டுமே அன்று நல்லொழுக்கம் என்றுதான் பிள்ளைகளுக்குப் பழக்கப்பட்டன என்பதை மறந்துவிடக்கூடாது. மரியாதைப் பழக்கம் எப்போதும் பண்பின் பக்கத்தில்தான் நிற்கும் என்று நம்புவதற்கு வரலாறு இடம் தரவில்லை. பொது இடங்களில் சாதி காரணமாக ஒருவரை விலக்குவதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல் வந்தது. தேநீர்க் கடைகளுக்குள்ளும் கோயில்களுக்குள்ளும் நுழைவதற்கான போராட்டங்கள் 1960களில் நடந்தன. சிரட்டையைச் சட்டத்தால் தொட முடிந்தது, வினைச்சொல்லின் விகுதியை எந்தச் சட்டமும் தொடவில்லை.

வவுனியாவில் இந்தச் சிக்கல் யாழ்ப்பாணத்தைவிடக் கூடுதலான முடிச்சுகள் கொண்டது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 1 இலட்சத்து 72 ஆயிரம் பேர் வாழும் இந்த மாவட்டத்தில் வன்னியின் பழைய விவசாயக் குடும்பங்களும், குடாநாட்டிலிருந்து உத்தியோகத்துக்கும் வியாபாரத்துக்கும் வந்தவர்களும், முஸ்லிம்களும், சிங்களவரும், 1958, 1977 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்து குடியேறியவர்களும் கலந்திருக்கிறார்கள். மலையகக் குடும்பங்களை இங்கே குடியமர்த்துவதற்கு 1970களின் பிற்பகுதியில் காந்தியம் அமைப்பு பெரும் பங்காற்றியது. தோட்டத்தில் துரையிடமும் கங்காணியிடமும் தலைமுறை தலைமுறையாக ஒருமை கேட்டு வந்த அந்த மக்களின் பேச்சில் இருப்பவை 'நீ', 'நீங்க' என்ற இரண்டு படிகளே. 'நீர்' அவர்கள் பேச்சில் இல்லை. யாழ்ப்பாணத்து அலுவலர் ஒருவர் கெடுநினைப்பு இல்லாமலே 'இரும்' என்று சொன்னாலும், அது 'இருங்க' இல்லை என்பது மட்டும்தான் அவர்கள் காதில் விழும். சொன்னவர் நடுப்படியில் நின்று சொன்னது, கேட்டவரிடம் கீழ்ப்படியாகப் போய்ச் சேர்கிறது. இந்த மக்களைப் பற்றி இன்னும் சில வீடுகளில் புழங்கும் வசைப்பெயரோடு சேர்த்துப் பார்த்தால், அவர்களுடைய ஐயத்தைக் காரணமற்றது என்று தள்ளிவிடவும் முடியாது.

சிங்களத்தில் இந்த ஏணி வேறு விதமாகச் சாய்ந்திருக்கிறது. பேச்சுச் சிங்களத்தின் வினைமுற்று, தமிழைப் போல ஆளுக்கும் எண்ணுக்கும் ஏற்ப வால் மாறுவதில்லை. ஆகவே தமிழை அரைகுறையாகக் கற்ற ஒரு சிப்பாய் 'எங்க போறது?' என்று கேட்கும்போது, அதில் மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை, இலக்கணம் மட்டுமே குறைகிறது. சோதனைச் சாவடிக் காலம் முழுவதும் இந்தப் 'போறது' எத்தனையோ பேரின் மனத்தைச் சுட்டது. அதில் பாதி, மொழியின் குற்றம். மறு பாதியை மொழியின் மேல் போட முடியாது, ஏனெனில் ஏவலில் சிங்களத்துக்கும் படிகள் உண்டு: 'என்ன' என்பது மரியாதையான 'வாருங்கள்', 'வரென்' என்பது தாழ்வான 'வா'. மலையகத் தமிழர் ஒருவர் 'வரேன்' என்று பணிவோடு விடைபெறுவதும், ஒரு சிங்களவரை அதட்டி அழைக்கும் குரலில் வரும் 'வரென்' என்பதும் ஒரே பஸ் நிலையத்தில் ஏறத்தாழ ஒரே ஒலியாகக் கேட்பது வவுனியாவுக்கே உரிய வேடிக்கை.

அந்த பஸ் நிலையத்தையும் அதைச் சுற்றியுள்ள கடைவீதியையும் கவனித்தால், எழுதப்படாத ஒரு நல்லொழுங்கு அங்கே தானாக உருவாகியிருப்பது தெரியும். மரக்கறி வாங்க வந்த தமிழ்ப் பெண் முஸ்லிம் வியாபாரியை 'நானா' என்கிறார், அவர் பதிலுக்கு 'தங்கச்சி' என்கிறார். சிங்கள வியாபாரியைத் தமிழ் வாடிக்கையாளர் 'மல்லி', அதாவது தம்பி என்கிறார். வியாபாரி பதிலுக்கு 'அண்ணே' என்கிறார். சிங்களத்தில் அண்ணனைக் குறிக்கும் 'அயியா'வும் தமிழின் 'ஐயா'வும் ஒலியில் நெருங்கி நிற்பதால், ஒருவர் அண்ணன் என்று அழைத்ததை மற்றவர் பெரியவர் என்று கேட்டு மகிழ்வதும் நடக்கிறது. 'அக்கா' இரு மொழிக்கும் ஒன்றே. முன்னிலைப் பெயரைத் தவிர்த்து அந்த இடத்தில் உறவுமுறையை வைப்பதும், அவரவர் உறவுச்சொல்லை எடுத்து அவரவரை அழைப்பதும் யாரும் கற்பிக்காத பாடம். வியாபாரத்துக்காகத்தான் இந்தப் பணிவு என்று சொல்பவர்கள் உண்டு. அப்படியே இருக்கட்டும், எதற்காக என்றாலும் அது இருபக்கமும் ஓடுகிறது.

அங்கிருந்து ஓர் அலுவலகத்தின் கருமபீடத்துக்குப் போனால் காட்சி மாறுகிறது. எது என்று பெயர் சொல்லத் தேவையில்லை. இந்தப் பழக்கம் ஓர் அலுவலகத்துக்கு மட்டும் உரியதன்று. கண்ணாடியில் வெட்டிய அரைவட்டத் துளை உள்ளே அமர்ந்திருப்பவரின் வாய் உயரத்தில் இருப்பதால், வெளியே நிற்பவர் பேசுவதற்குக் குனிந்தே ஆக வேண்டும். உயரமானவராக இருந்தால் கண்ணாடிச் சட்டத்தில் கையை ஊன்றி, இடுப்பு வரை வளைந்து, ஏதோ கும்பிடுவது போன்ற நிலையில் தம் அடையாள அட்டையை நீட்டுகிறார். 'எங்க இருந்து வாறாய்?' என்பதோ 'எங்க இருந்து வாறீங்கள்?' என்பதோ அவருடைய உடுப்பைப் பார்த்துத் தீர்மானமாகிறது. சாரத்துடன் வந்த அறுபது வயதுக்காரருக்கு முதலாவதும், காற்சட்டையும் சப்பாத்துமாக வந்த முப்பது வயதுக்காரருக்கு இரண்டாவதும் கிடைப்பதை எந்தக் காலையிலும் காணலாம். முடிவு செய்ய முடியாத இடங்களில் 'என்ன விசயம்?', 'எந்த இடம்?' என்று வினையே இல்லாமல் கேட்டுத் தப்பித்துக்கொள்ளும் நுட்பமும் உண்டு. எதிர்ப்பக்கத்திலிருந்து வருவதோ எப்போதும் 'சேர்', 'மிஸ்', 'ஐயா'.

1990களின் பிற்பகுதியில் நகரத்தில் தங்குவதற்கும் அதைவிட்டுப் போவதற்கும் பாஸ் கேட்டு மேசை மேசையாக நின்றவர்களின் ஊர் இது. 2009இல் இறுதிப் போரிலிருந்து வந்த 2 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் முகாம்களில் அடைக்கப்பட்டபோது, அவற்றில் மிகப் பெரியதான செட்டிகுளம் மெனிக்பாமின் பகுதிகளுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று பெயரிட்டார்கள். முதல் இருவரும் பிரித்தானிய முடியிடம் 'சேர்' பட்டம் பெற்றவர்கள். அவர்கள் பெயர் தாங்கிய பகுதிகளில் தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் வரிசையில் நின்றவர்கள், யாரைக் கண்டாலும் 'சேர்' என்று சொல்லப் பழகினார்கள். முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அங்கே படிந்த பணிவு அதோடு மூடப்படவில்லை.

மொழியுரிமைச் சட்டங்கள் இந்த இடத்தில் உதவுவதில்லை. 1987இல் அரசியலமைப்புக்கான 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2007 யூலை 1 முதல் அரச சேவையில் சேர்வோர் 5 ஆண்டுகளுக்குள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்று பொது நிருவாகச் சுற்றறிக்கை விதித்தது. தமிழில் பதில் பெறும் உரிமை அதனால் கிடைத்தது, எந்தத் தமிழில் என்பது பேசப்படவில்லை. சிங்கள அலுவலரின் 'போறது' பற்றி முறைப்பாடு செய்யத் துணிபவர்கள், தமிழ் அலுவலரின் 'வாறாய்' பற்றி வாய் திறப்பதில்லை. நம்மவர்தானே என்ற சமாதானம் அந்த இடத்தில் வந்து விழுகிறது. நம்மவர் என்பதால்தான் அதற்கு மன்னிப்பு இல்லை, ஏனெனில் விகுதியின் எடை அவருக்குத் தெரியும்.

எல்லோருக்கும் 'நீங்கள்' என்றாகிவிட்டால் 'நீர்' என்ற அழகான நடுப்படி செத்துவிடும், மூத்தவர் இளையவரிடம் காட்டும் வாஞ்சை போய்விடும் என்ற மறுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. சுவீடனில் 1967இல் மருத்துவ ஆணையத்தின் தலைமையை ஏற்ற புரோர் ரெக்செட் தம் ஊழியர் அனைவரையும் 'து', அதாவது 'நீ' என்றே அழைப்பதாக அறிவித்ததும், சில ஆண்டுகளில் நாடே பட்டங்களைக் கைவிட்டு அந்த ஒரே படிக்கு இறங்கியது. தமிழுக்கு அந்த வழி ஒத்துவராது; இங்கே கீழே இறங்கிச் சமமாகச் சொன்னால், பணிப்பாளரை 'நீ' என்று அழைக்க யாரும் துணியமாட்டார்கள், சாரக்காரர் மட்டும் இருந்த இடத்திலேயே இருப்பார். மேலே ஏறிச் சமமாவதே இங்கு நடக்கக்கூடியது, அதுவும் முன்பின் அறியாத வளர்ந்தவர்கள் சந்திக்கும் பொது இடங்களில் மட்டும். வீட்டிலும் வகுப்பிலும் 'நீர்' தன்பாட்டில் வாழட்டும்.

வவுனியாவின் அலுவலகத் தலைவர்கள் தம் ஊழியர்களிடம் கேட்க வேண்டியது இவ்வளவே: கருமபீடத்துக்கு வரும் வளர்ந்தவர் எவராயினும், உடுப்பையும் ஊரையும் பேச்சையும் பாராமல், வினைச்சொல்லை 'ங்கோ'வில் முடியுங்கள், முடிந்தால் அந்தக் கண்ணாடித் துளையை ஓரடி உயர்த்துங்கள். முதலாவதற்கு நிதி ஒதுக்கீடும் பயிற்சிப் பட்டறையும் தேவையில்லை. சாரக்காரரைக் காக்க வைத்துவிட்டு மேலதிகாரியின் தொலைபேசியை எடுக்கும் அதே அலுவலர், அதே கதிரையில் இருந்துகொண்டு, 'ஓம் சேர், சொல்லுங்கோ' என்று ஒரு பிழையும் இல்லாமல் சொல்கிறார்.