கொடைக் கணக்கும் அரசுக் கணக்கும்

ராயகிரியிலும் அதைச் சுற்றியுள்ள மலையடிவார ஊர்களிலும் அம்மன் கொடையோ சுடலைமாடன் கொடையோ முடிந்த பிறகு ஒரு சடங்கு மிச்சமிருக்கும். அது சாமிக்கான சடங்கு அன்று, கணக்கு வாசிப்பு. தலைக்கட்டு வரி எவ்வளவு வசூலானது, பந்தலுக்கு என்ன செலவு, வில்லுப்பாட்டுக்கு என்ன கொடுத்தோம், நையாண்டி மேளத்துக்கு என்ன முன்பணம் என்று ஒருவர் உரக்கப் படிப்பார். படித்து முடிக்கும் முன்பே யாரேனும் எழுந்து, “போன வருசம் வந்த கணியான் செட்டு நல்லாத்தானே ஆடினாங்க, இந்த வருசம் ஏன் மாத்தினீங்க?” என்று கேட்பார். வரி கொடுத்தவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. வரி பிரித்தவருக்குப் பதில் சொல்லும் கடமை உண்டு. அந்தப் பதில் பல நேரங்களில் சப்பைக்கட்டாக இருக்கும் என்பதையும், அதையொட்டிக் கைகலப்பு வரை போன ஆண்டுகள் உண்டு என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் பதிலே இல்லாமல் ஒரு கொடை முடிந்ததில்லை.

இதே வரியைத்தான் நாம் அரசுக்கும் வேறு பெயர்களில் கொடுக்கிறோம். அதில் ஒரு சிறு துளி கலைகளுக்குப் போகிறது. அந்தத் துளி யாருக்கு, எதற்காக, யாருடைய தீர்ப்பின் பேரில் போகிறது என்று கேட்டால் அங்கே கணக்கு வாசிப்பு இல்லை. என் சண்டை இந்த ஒன்றோடுதான்.

அமைப்புகளுக்குக் குறைவில்லை. 1955-இல் சங்கீத நாடக சங்கமாகத் தொடங்கி இன்று தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றமாக இருக்கும் நிறுவனம் கலைமாமணி விருதைத் தருகிறது. நலிந்த கலைஞர்களுக்கு உதவித்தொகையும் இசைக்கருவியும் ஆடை அணிகலனும் வாங்க நிதியும் அதன் வழியே போகின்றன. 2007-இல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் அமைந்தது. மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட மாவட்டக் கலை மன்றங்கள் வயதுவாரியாகக் கலை இளமணி, வளர்மணி, சுடர்மணி, நன்மணி, முதுமணி என்று ஐந்து விருதுகளை அளிக்கின்றன. தஞ்சாவூரில் தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கிறது. தில்லியில் சங்கீத நாடக அகாதெமி இருக்கிறது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது, இவற்றில் சில நமக்கு ஒரு பேருந்துத் தூரம் நெருங்கியும் வந்தன.

ஆயினும் இவற்றிலிருந்து நமக்கு வந்து சேர்வது பெயர்ப்பட்டியல் மட்டுமே. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், தேர்வுக்குழுவில் யார் அமர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் கணியான் கூத்தை ஓர் இரவேனும் விழித்திருந்து பார்த்தவர்கள், எந்த அளவுகோலில் ஒருவர் மேலேயும் இன்னொருவர் கீழேயும் போனார்கள் என்பவற்றைப் பட்டியல் சொல்வதில்லை. 2019 பிப்ரவரியில் எட்டு ஆண்டுகளுக்கான கலைமாமணி விருதுகள் ஒரே மூச்சில் அறிவிக்கப்பட்டன. 2011 முதல் 2018 வரைக்குமாக 201 பேர். எட்டு ஆண்டுகள் எவருக்கும் தகுதி தெரியாமல் இருந்து, ஒரே நாளில் 201 பேரின் தகுதி தெரிந்துவிட்டது! இதில் தகுதியானவர்கள் பலர் இருந்தார்கள். அவர்களுக்கு நேர்ந்ததே பெரிய அநீதி: திரளில் ஒருவராக நின்று வாங்கிய விருதுக்குக் காரணம் ஏதும் எழுதப்படாததால், தகுதியுள்ளவருடைய பட்டயமும் சந்தேகத்துக்கு உள்ளாகிறது. பின்னர் 2021-இல் வழங்கப்பட்ட விருதுகளின் தகுதி பற்றிய வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை சென்றது. ஒரு மேளக்காரரின் வாசிப்பை நீதிபதி எடைபோட வேண்டிய நிலைக்குக் கலையை யார் கொண்டுவந்தது?

எனக்குத் தெரிந்த ஒரு முதியவர் மகுடம் அடிப்பவர். தோலைத் தீயில் காய்ச்சிச் சுருதி ஏற்றி, உச்சமும் மந்தமும் எதிரெதிரே பேசும்போது கொடைக்களத்தில் நிற்பவர் மயிர்க்கூச்செறிவார். கருவி வாங்க நிதி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவருக்காக விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். ‘கலைப் பயிற்சி பெற்ற நிறுவனம்’ என்றொரு கட்டம் இருந்தது. “எங்க அப்பா”ன்னு எழுதுங்க என்றார். எழுதினேன். ஏற்றார்கள் என்றும் கடிதம் வரவில்லை. மறுத்தார்கள் என்றும் வரவில்லை. எந்த அலுவலகம் என்பது முக்கியமன்று. எந்த அலுவலகத்தில் கொடுத்திருந்தாலும் இதுவே நடந்திருக்கும் என்று அவர் நம்புகிறார் என்பதே முக்கியம். கிடைக்காத பணத்தைவிட, தன் பெயரை எவரேனும் படித்தார்களா என்று தெரியாததுதான் அவரை வருத்தியது.

இங்கே ஒரு மறுப்பு எழும். கலையை மதிப்பெண் போட்டு அளக்க முடியுமா? திரிகூடராசப்பக் கவிராயருக்குக் குற்றாலக் குறவஞ்சிக்காக முத்துவிஜயரங்க சொக்கநாத நாயக்கர் நிலம் கொடுத்தபோது எந்தக் குழு கூடியது? சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரை ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் ஆதரித்தபோது எந்தப் படிவம் நிரப்பப்பட்டது? புரவலரின் ரசனைதானே நமக்குக் குறவஞ்சியையும் காவடிச்சிந்தையும் தந்தது?

உண்மைதான். ஆனால் அந்த ஒப்புமையை முழுவதுமாகச் செய்து பார்க்க வேண்டும். மன்னர் கொடுத்த நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்று பெயரே ஏற்பட்டது. கொடுத்தவர் யார், பெற்றவர் யார், எதற்காக என்ற மூன்றும் அந்த ஒரு பெயருக்குள் இருக்கின்றன. காரணம் சொல்லாத கொடை அன்று அது, ஊரறிந்த காரணம். இரண்டாவது, ஜமீன்தார் தம் ரசனைக்குத் தம் பெயரைப் பணயம் வைத்தார்; மோசமான புலவரை ஆதரித்தால் சிரிக்கப்படுபவர் அவரே. மூன்றாவது, ஊற்றுமலை இல்லையென்றால் வேறொரு பாளையம் இருந்தது. இன்று அரசு ஒன்றுதான். மறுத்தால் போக வேறு வாசல் இல்லை. ஒற்றைப் புரவலரின் அதிகாரத்தையும் முகமற்ற குழுவின் பொறுப்பின்மையையும் ஒருசேர வைத்துக்கொண்டு, அதற்கு ரசனை என்று பெயரிடுவதை ஏற்க முடியாது.

வெளியுலகில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். 1946-இல் பிரிட்டன் தன் கலை மன்றத்தை அமைத்தபோது, பணம் அரசுடையது, தீர்ப்பு அரசுடையது அன்று என்ற இடைவெளியைக் கொள்கையாகவே வைத்தார்கள். அதன் பின்னணியில் இருந்தவர் பொருளியலாளர் கெயின்ஸ். சான் பிரான்சிஸ்கோ நகரம் 1961 முதல் விடுதிகளில் தங்குவோரிடம் பெறும் வரியிலிருந்து கலை அமைப்புகளுக்கு நிதி தருகிறது. அந்நகரத்தின் கலை ஆணையத்தில் கலைஞர்களும் துறையறிந்தவர்களும் அடங்கிய குழுக்கள் விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் இடுகின்றன. பரிந்துரை பொதுக்கூட்டத்தில் வைக்கப்படுகிறது. எந்தக் குடிமகனும் எழுந்து பேசலாம்.

அங்கே எல்லாம் நேர்மையாக நடக்கிறது என்று சொல்லவரவில்லை. 1990-இல் அமெரிக்காவின் தேசியக் கலை நிதியத்தில் சககலைஞர் குழு பரிந்துரைத்த நான்கு நிகழ்த்துகலைஞர்களின் நல்கையை அதன் தலைவர் ரத்து செய்தார். அரசியல் அழுத்தமே காரணம் என்று அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1993-இல் சமரசமாகி நல்கைத் தொகையைப் பெற்றார்கள். குழுவின் பரிந்துரை என்ன என்று தெரிந்திருந்ததால்தான் அதை மீறியது யார் என்பதும் தெரிந்தது. வெளிப்படைத்தன்மை தலையீட்டைத் தடுத்துவிடாது. தலையிட்ட கையைக் காட்டிக்கொடுக்கும். நமக்கு அதுவே போதுமான தொடக்கம்.

இதற்கெல்லாம் புதுச் சட்டம் வேண்டுமே என்பார்கள். வேண்டாம். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நான்காம் பிரிவில், மானியத் திட்டங்கள் செயல்படும் முறையையும் ஒதுக்கிய தொகையையும் பயனாளிகளின் விவரத்தையும் ஒவ்வொரு பொது அமைப்பும் யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்கிறது. நிர்வாக முடிவுகளுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அந்த மகுடக்காரருக்கு வராத கடிதம் சட்டப்படி வந்திருக்க வேண்டிய கடிதம்.

குற்றாலத்தில் சீசன் கடைகளை ஏலம் விடுகிறார்கள். யார் என்ன கேட்டார், யாருக்குப் போயிற்று என்று அங்கே நிற்பவருக்கெல்லாம் தெரியும். அல்வாக் கடைக்கு இருக்கும் இந்த நியாயம், அதே குற்றாலத்தில் சாரல் திருவிழா மேடையேறும் கரகாட்டக் குழுவுக்கும் வேண்டும். எந்தக் குழுவை அழைத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், விண்ணப்பித்தும் அழைக்கப்படாத குழுக்கள் எவை என்று ஒரு தாளில் அச்சிட்டு ஆட்சியர் அலுவலகப் பலகையில் ஒட்ட எத்தனை ரூபாய் ஆகிவிடும்?

என் கோரிக்கைகள் ஐந்து. தேர்வுக்குழு உறுப்பினர் பெயர்களை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். அதில் பாதிப் பேரேனும் அந்தக் கலையை நிகழ்த்துபவர்களாக இருக்க வேண்டும். விண்ணப்பித்தோர் பட்டியலும் பெற்றோர் பட்டியலும் அருகருகே வெளியாக வேண்டும். மறுக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் இரண்டு வரியிலாவது காரணம் எழுத வேண்டும். குழுவில் இருப்பவரோ அவர் உறவினரோ அவ்வாண்டு எதையும் பெறக்கூடாது. இவற்றில் எதுவும் புரட்சி அன்று. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரையும் நாற்பது பக்க நோட்டு ஒன்றையும் வைத்துக்கொண்டு ஊர்க் கொடைக் கமிட்டிகள் ஏறத்தாழ இதைச் செய்துவருகின்றன.

அந்த முதியவர் இந்த ஆண்டும் ஆடிக் கொடைக்கு அடிப்பார். அவருக்கு என்ன கொடுத்தோம் என்பதை மறுநாள் ஊர் கேட்கும். குறைத்துக் கொடுத்தோமானால் அங்கேயே எழுந்து சொல்வார். அரசிடமும் அவர் அப்படி எழுந்து நின்று கேட்கும் ஓர் இடம் வேண்டும். அதைத் தராத வரையில், பட்டயங்களில் எத்தனை மணிகளின் பெயரைப் பொறித்தாலும் அவை நம் வரியில் வாங்கிய பித்தளைதான்.