குஞ்சோடு நிற்கும் விராலுக்குத் தவளை வீசாதீர்கள்



போன ஞாயிற்றுக்கிழமை நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. போட்டவன் என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் படித்தவன். பெயர் சொல்ல மாட்டேன். நல்ல பையன், இன்றும் என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி இறங்கிப் பேசுகிறவன். குளத்தங்கரையில் நின்று ரப்பர் தவளை வீசி ஒரு விரால் பிடித்திருந்தான். ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். குழுவில் எல்லோரும் கைதட்டினார்கள். நான் ஒன்றும் போடவில்லை. "சார், பார்த்துட்டுப் பேசாம இருக்கீங்களே" என்று தனியாகக் கேட்டிருந்தான். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இது. கொஞ்சம் நீளம். வாத்தியார் எழுதினால் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வீடியோவில் மீன் மாட்டுவதற்கு முன்னால் உள்ள அரை நிமிடத்தை மறுபடி பாருங்கள். கோரைக்குப் பக்கத்தில் ஒரு பாய் அகலத்துக்குத் தண்ணீர் சிவப்பாகக் கொதிக்கிறது. "அந்தா பாருங்க, குஞ்சு. கீழ தாய் கண்டிப்பா நிக்கும்" என்று அவனே சொல்கிறான். சொல்லிவிட்டு அதன் நடுவில் தவளையை வீசுகிறான். மூன்று முறை தப்பியது. நான்காவது முறை 'டமார்'.

அது வேட்டை இல்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

விரால் மற்ற மீன்களைப் போல முட்டையைக் கொட்டிவிட்டுப் போகிற மீன் இல்லை. கரையோரம் கோரைக்கும் பாசிக்கும் நடுவில் கொஞ்சம் இடம் ஒதுக்கிக்கொண்டு முட்டையிடும். முட்டை மேலே மிதக்கும். அதைக் காவல் காக்கும். பொரிந்த பிறகும் விடாது. குஞ்சுகள் ஆரஞ்சும் சிவப்புமாகக் கூட்டமாக மேலே வந்து காற்றுக் குடிக்கும். பெரிய மீன் அடியில் நின்றபடி கூடவே நகரும். சில வாரங்கள் இப்படி ஓடும். அந்த நாட்களில் அருகில் எது வந்தாலும் பாயும். தவளை வந்தாலும் பாயும், தண்ணீர்ப்பாம்பு வந்தாலும் பாயும், உன் ரப்பர் பொம்மை வந்தாலும் பாயும். அது பசியில் கடிக்கவில்லை. பிள்ளையைக் காப்பாற்றக் கடிக்கிறது. அந்த நேரத்தில் அதைப் பிடிக்க உனக்குத் திறமையும் வேண்டாம், எட்டாயிரம் ரூபாய் ராடும் வேண்டாம். விளக்குமாற்றுக் குச்சியில் கட்டி வீசினாலும் கடிக்கும்.

தாய் போன பிறகு அந்தச் சிவப்புக் கூட்டம் என்ன ஆகும்? சுற்றிலும் சிலேபியும் கெளுத்தியும் நீர்க்காகமும் இருக்கின்றன. சாயங்காலத்துக்குள் கணக்கு முடிந்துவிடும். நான் சின்ன வயதில் செய்து பார்த்தவன். மண்வெட்டிக் காம்பு கனத்தில் ஒரு விராலைக் குஞ்சோடு இருக்கும்போது பிடித்து வீட்டுக்குக் கொண்டு போனேன். மறுநாள் அதே இடத்துக்குப் போனேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. அம்மா வைத்த குழம்பு நன்றாகத்தான் இருந்தது. அதனால்தான் அது தப்பு என்று எனக்குப் பல வருடம் தெரியவில்லை.

இனி உங்கள் பைக்கு வருகிறேன்.

இப்போது நம் பக்கத்துப் பையன்கள் நிறையப் பேர் ராடும் ரீலுமாகத் திரிகிறீர்கள். சந்தோஷம். டாஸ்மாக் வாசலில் நிற்பதற்குக் குளத்தங்கரையில் நிற்பது ஆயிரம் மடங்கு மேல். ஆனால் நீங்கள் பாடம் படிப்பது எங்கே? அமெரிக்காக்காரன் பாஸ் மீன் பிடிக்கிற வீடியோவில். அவன் படகில் ஏழு எட்டு ராடு வைத்திருக்கிறான். ஆழத்துக்கு ஒன்று, பாசிக்கு ஒன்று, பாறைக்கு ஒன்று. அவனுக்கு அது தேவை. அவன் ஏரியில் ஒரே நாளில் முட்டளவுத் தண்ணீரிலும் பிடிப்பான், பனைமரம் மூழ்கும் ஆழத்திலும் பிடிப்பான். சிற்றாற்றுத் தண்ணீர் வந்து நிறைகிற நம் குளத்தில் நீங்கள் நின்று வீசும் இடம் எது? இடுப்பளவு, மார்பளவுத் தண்ணீர். அதிலும் பாதி அல்லியும் கோரையும் ஆகாயத்தாமரையும். அங்கே ஆழத்தில் முங்கி ஓடுகிற 'க்ராங்க்' லூரை வீசுகிறாய். அதன் வயிற்றில் ஒரு மும்முள், வாலில் ஒரு மும்முள். முதல் வீச்சிலேயே ஆறு முள்ளும் பாசியில் மாட்டும். இழுத்தால் நரம்பு அறுகிறது. ஐந்நூறு ரூபாய் தண்ணீருக்குள். "கெண்டையைப் போட்டு விராலைப் பிடி" என்பார்கள் பெரியவர்கள். நீ லூரைப் போட்டுப் பாசியைப் பிடிக்கிறாய்.

அதற்காக மூங்கில் கம்பும் தங்கூசியும் தக்கையும் போதும் என்று சொல்கிற கிழவன் நான் இல்லை. சிலேபிக்கும் கெண்டைக்கும் மண்புழு கோர்த்த மூங்கில் தூண்டில் இன்றைக்கும் போதும். பாசிக்குள் நிற்கிற விராலுக்கு அது போதாது. கடித்தவுடன் விரால் நேராகத் தண்டுக்குள் புகுந்து சுற்றிக்கொள்ளும். மெல்லிய தடி வளைந்துகொண்டே நிற்கும், மீன் நரம்பை அறுத்துக்கொண்டு வாயில் முள்ளோடு போய்விடும். ஆகவே தடியில் வலு வேண்டும். அது ஆடம்பரம் இல்லை.

ராடின் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். 'பவர்' என்பது தடி வளைய எவ்வளவு விசை வேண்டும் என்பது. 'ஆக்‌ஷன்' என்பது தடி எந்த இடத்தில் வளைகிறது என்பது. இரண்டும் வேறு. கடைக்காரரே சில சமயம் குழப்பிவிடுகிறார். விராலுக்கு மீடியம் ஹெவி பவர், ஃபாஸ்ட் ஆக்‌ஷன். அதாவது நுனி மட்டும் வளையும், நடுத்தடி விறைப்பாக நிற்கும். வீசும் எடை 10 முதல் 30 கிராம் என்று போட்டிருந்தால் நம் தவளைக்குச் சரியாக வரும். 3 முதல் 10 கிராம் என்று எழுதிய ராடை வாங்கிவிட்டு 'தவளை தூரம் போகல சார்' என்று சொல்லாதே. நீளம் ஆறரை அடி, மிஞ்சினால் ஏழு. தடி நீண்டால் வீச்சு தூரம் போகும் என்பது உண்மை. ஆனால் நெம்புகோல் பாடம் நடத்தினேனே, மறந்துவிட்டதா? நுனி எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அவ்வளவுக்கு மீன் இழுக்கும் விசை உன் மணிக்கட்டில் பெருகும். அதோடு நம் குளத்துக் கரையெல்லாம் உடைமரமும் சீமைக்கருவேலும். ஒன்பதடித் தடியைப் பின்னால் ஓங்க எங்கே இடம்?

ஒரு எச்சரிக்கை. கார்பன் ராடு மின்சாரம் கடத்தும். கரைக்கு மேலே மின்கம்பி போகிற இடத்தில் தடியை நிமிர்த்தாதீர்கள். இடி மழையில் நிற்காதீர்கள்.

ரீல் விஷயத்தில், புதிதாகத் தொடங்குகிறவன் சாதாரண ஸ்பின்னிங் ரீலே வாங்கட்டும். பெய்ட்காஸ்டர் வாங்கினால் முதல் மாதம் மீன் பிடிக்க மாட்டாய், சிக்கல்தான் எடுப்பாய். நரம்பு பின்னல் நரம்பாக, 30 முதல் 50 பவுண்டு தாங்குவதாக இருக்கட்டும். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அறுந்து பாசியில் கிடக்கிற பின்னல் நரம்பு மக்காது. பாம்புத்தாராவும் நீர்க்காகமும் அதில் கால் சிக்கிச் சாகும். கூந்தன்குளத்துக்குக் குடும்பத்தோடு போய்ச் செங்கால் நாரையைப் படம் பிடித்துப் போடுகிறீர்கள். நம் ஊர்க் குளத்துக்கு வருவதும் பறவைதான். ஈயக் குண்டும் அப்படித்தான். ஈயக் குண்டை விழுங்கி அன்னப் பறவைகள் செத்ததால் இங்கிலாந்தில் 1987லேயே தூண்டிலுக்கான சிறிய ஈயக் குண்டு விற்கத் தடை போட்டார்கள்.

லூர் எத்தனை வேண்டும்? இரண்டு தவளை. ஒன்று கறுப்பு, ஒன்று பச்சை. உள்ளே காலியான ரப்பர் தவளை. அதன் இரண்டு முள்ளும் மேல்நோக்கி முதுகை ஒட்டிப் படுத்திருக்கும். பாசிமேல் இழுத்தால் மாட்டாது. மீன் கடித்து அமுக்கும்போதுதான் முள் வெளியே வரும். ஆகவே சத்தம் கேட்டதும் வெட்டி இழுக்காமல் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டு இழுக்க வேண்டும். முள் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் சின்னச் செதிலைக் குறடால் நசுக்கிவிடுங்கள். மீனைச் சேதமில்லாமல் விடலாம். உங்கள் விரலில் ஏறினாலும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் எடுக்கலாம். மும்முள் லூரெல்லாம் பாசி இல்லாத தண்ணீருக்கு. நம் குளத்துக்கு வேண்டாம்.

இப்போது நீங்கள் சொல்லப்போகிற பதில்கள்.

"சார், நாங்க பிடிச்சுட்டு விட்டுருவோம். கேட்ச் அண்ட் ரிலீஸ்." அந்தப் பாஸ் மீனும் கூடு காக்கிற மீன்தான். அதில் ஆண் காவல் நிற்கும். அதைப் பிடித்துத் தூக்கிய சில நிமிடங்களில் சின்ன மீன்கள் கூட்டில் புகுந்து முட்டையைத் தின்றுவிடுவதை அங்குள்ள ஆய்வாளர்கள் பார்த்து எழுதியிருக்கிறார்கள். திரும்ப விட்டாலும் சில மீன்கள் கூட்டைக் கைவிட்டுப் போய்விடும். அதனால்தான் கனடாவில் ஒண்டாரியோ மாகாணத்தின் தென்பகுதிகளில், முட்டைக் காலம் தாண்டும்வரை, ஜூன் பிற்பகுதி வரையில், பாஸ் மீனைக் குறிவைத்துப் பிடிக்கக் கூடாது என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். டொராண்டோவில் இருக்கும் என் அக்கா மகன் இதைப் படித்துக்கொண்டிருப்பான், அவனைக் கேளுங்கள். அந்த நாட்டிலிருந்து ராடை வாங்கினீர்கள், ரீலை வாங்கினீர்கள், தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் வாங்கினீர்கள். சட்டத்தை மட்டும் ஏன் அங்கேயே விட்டுவிட்டு வந்தீர்கள்?

"ஒரு மீனைப் பிடிச்சா குளம் காலியாயிருமா? குத்தகைக்காரர் வலையே போடுதாரே?" மீன்பாசி ஏலம் எடுத்தவர் கட்லா, ரோகு குஞ்சு வாங்கி விட்டிருக்கிறார். அவர் பெரும்பாலும் வலை இழுப்பது கோடையில், தண்ணீர் வற்றும்போது. அதற்குள் மழைக்காலத்து விரால் குஞ்சு வளர்ந்து, கறுத்து, தாயை விட்டுப் பிரிந்து சேற்றுக்குள் புதையக் கற்றிருக்கும். விராலுக்கு யாரும் குஞ்சு வாங்கி விடுவதில்லை. அது தானாக வந்து தானாகப் பெருக வேண்டும். நீ பிடித்தது ஒன்று. அதோடு போனது ஆயிரக்கணக்கில். அப்புறம், குத்தகைக் குளத்தில் அவரைக் கேட்காமல் தூண்டில் போடுவதும் தப்பு. முதலில் அதைச் சரி செய்.

"சார், அப்ப ராமநதி அணையிலயோ கடனாவிலயோ பாஸ் குஞ்சையே வாங்கி விட்டா என்ன?" இதையும் ஒருவன் கேட்டான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான், ஆனால் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஜப்பானில் 1925ல் ஒருவர் ஆசைப்பட்டு அமெரிக்காவிலிருந்து பாஸ் கொண்டுவந்து ஆஷி ஏரியில் விட்டார். பிறகு அது நாடெங்கும் பரவி உள்ளூர் மீனைத் தின்றது. 2009ல் பத்து கிலோவுக்கு மேல் எடையுள்ள பாஸ் பிவா ஏரியில் மாட்டியது, 1932ன் அமெரிக்க உலக சாதனைக்குச் சமமாக. அதே பிவா ஏரியில் 2003லிருந்து, பிடித்த பாஸைத் திரும்பத் தண்ணீரில் விடக் கூடாது என்று விதி. 2005லிருந்து நாடு முழுவதும் அதை வளர்க்கவோ உயிரோடு கொண்டுபோகவோ விடவோ தடை. நமக்கு இவ்வளவு தூரம் போக வேண்டாம். 1952ல் இந்தியாவுக்குள் வந்த சிலேபி இன்று எந்தக் குளத்தில் இல்லை?

ஆகவே எல்லா மீனையும் விட்டுவிடு என்றும் நான் சொல்லவில்லை. சிலேபியா, பிடித்துக்கொண்டு போய் வறுத்துத் தின்னு, குளத்துக்கு நல்லது. ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் திரும்ப விடவே விடாதே. குஞ்சு இல்லாத விராலா, வீட்டுக்குத் தேவை என்றால் ஒன்று எடு. குஞ்சோடு நிற்கிறதா, தவளையைச் சுருட்டிக்கொண்டு இருபது அடி தள்ளிப் போ. அந்தப் பக்கம் வேறு மீன் இல்லாமலா போகும்?

ராடு வாங்கும்போது 'எந்த மீனுக்கு?' என்று கடையில் கேட்கிறார்கள். 'எந்த மீனுக்கு வீசக் கூடாது?' என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள். அதைச் சொல்ல வாத்தியார்தான் வேண்டியிருக்கிறது.

அந்த வீடியோவை எடுக்கச் சொல்லவில்லை. அதன் கீழே நீயே இரண்டு வரி எழுது: 'குஞ்சோடு இருந்த மீன், இனி வீச மாட்டேன்' என்று. உன் தம்பிமார் பார்த்துக் கற்பது உன்னைத்தான், என்னை இல்லை.

அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் கரைக்கு வருகிறேன். என்னிடமும் ஒரு ஆறரை அடி ராடும் இரண்டு தவளையும் இருக்கின்றன, பேரன் வாங்கித் தந்தது. வருகிறவர்கள் வரலாம். திட்டுவதாக இருந்தால் தனியாக அனுப்பாமல் இங்கேயே திட்டுங்கள், எல்லோரும் படிக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் சார்,
பாவூர்சத்திரம்.