தலைப்பு கொடுங்கள், படம் எடுக்கிறோம்!

கட்டுரைப் போட்டிக்குத் தலைப்பு உண்டு. பேச்சுப் போட்டிக்கும் தலைப்பு உண்டு. புகைப்படத்திற்கும் அப்படித் தலைப்பு கொடுப்பார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. படம் எடுப்பவர்கள் கூடும் இடத்தில் ஒருவர் ‘நிழல்’ என்பார். இன்னொருவர் ‘காத்திருத்தல்’ என்பார். மற்றவர்கள் குறித்த நாளுக்குள் அந்தச் சொல்லுக்கு ஏற்ற ஒரு படத்தோடு வர வேண்டும். இது ஒருவருக்கொருவர் விடுக்கும் அன்பான சவால். நம் பள்ளியிலும் இது வேண்டும் என்பது என் கருத்து.

தலைப்பு கொடுப்பது கலைஞனின் கையைக் கட்டுவது ஆகாதா என்று சிலர் கேட்கலாம். ஆகாது. தலைப்பு கையைக் கட்டுவதில்லை, கண்ணைத் திறக்கிறது. சென்னையில் 1850களிலேயே புகைப்படச் சங்கம் தோன்றிவிட்டது. அக்காலத்தில் அரசாங்கப் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1857-58இல் திருவரங்கம், தஞ்சை, மதுரை எனச் சுற்றிப் படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று சேர்த்து ஒரே நீண்ட படமாக்கினார். கோபுரத்தை அண்ணாந்து பார்க்காதவர் யார்? ஆனால் அடியில் உள்ள எழுத்தைக் குனிந்து பார்க்க ஒரு நோக்கம் வேண்டும். தலைப்பு தருவது அந்த நோக்கத்தைத்தான்.

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். ‘திருத்தணியைப் படம் எடு’ என்றால் நாம் எல்லோரும் மலைக்கோயிலைத்தான் எடுப்போம். நாற்பது படமும் ஒன்று போலவே இருக்கும். ‘படி’ என்று தலைப்பு கொடுத்துப் பாருங்கள். ஆண்டின் நாள்களைப் போல் 365 படிகள் நம் மலைக்கு உண்டு. ஒருத்தி தேய்ந்த படியின் விளிம்பை எடுப்பாள். ஒருத்தி டிசம்பர் 31 படித்திருவிழாவில் மஞ்சளும் குங்குமமும் இட்ட படியை எடுப்பாள். ஒருத்தி பாதிப் படியில் அமர்ந்து மூச்சு வாங்கும் பாட்டியை எடுப்பாள். ‘படி’ என்றால் படிப்பதும்தானே என்று, தெருவிளக்கில் பாடம் படிக்கும் தம்பியை எடுத்து வருபவளும் இருப்பாள்!

‘நூல்’ என்று கொடுத்தால் பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கத்துத் தோழியர் தறியில் ஓடும் நூலை எடுப்பார்கள். நூலகத்தை விரும்புகிறவள் புத்தகத்தை எடுப்பாள். ‘எல்லை’ என்று கொடுத்தால்? 1960இல் ஆந்திரத்திலிருந்து தமிழகத்தோடு சேர்ந்த ஊர் நம்முடையது. வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசும் தோழியர் எத்தனை பேர்! எல்லை என்பது கோடா, இரண்டு பேர் கைகோக்கும் இடமா என்று படம் எடுக்கும்போதே சிந்திப்போம்.

ஆனால் எல்லாத் தலைப்பும் நல்ல தலைப்பு அன்று. ‘வறுமை’, ‘முதுமை’, ‘கண்ணீர்’ போன்ற தலைப்புகளை நான் அஞ்சுகிறேன். அவற்றுக்குப் பரிசு வாங்க வேண்டுமானால் துன்பப்படும் ஒருவரைத் தேடிப் போக வேண்டும். ஆடிக் கிருத்திகையன்று அலகு குத்திக் காவடி எடுப்பவரின் முகத்தருகே காமிராவை நீட்டுபவர்களை நாம் பார்க்கிறோம். முடி இறக்கிய குழந்தை அழுவது அவர்களுக்கு ஒரு காட்சி. அக்குழந்தையின் தாய்க்கோ அது நேர்த்திக்கடன்.

1930களில் அமெரிக்க அரசு, உழவர்களின் துயரத்தைப் படம் பிடிக்கப் புகைப்படக்காரர்களை அனுப்பியது. இன்னின்னதை எடுங்கள் என்று பட்டியலும் கொடுத்தது. அவர்களுள் ஒருவரான டாரதியா லாங் 1936இல் எடுத்த ஒரு தாயின் படம் உலகப் புகழ் பெற்றது. அப்படத்தால் பட்டினி கிடந்தவர்களுக்கு உணவு சென்றது உண்மை. ஆனால் அத்தாயின் பெயரை அவர் கேட்கவில்லை. ஃபுளோரன்ஸ் தாம்சன் என்ற அந்தப் பெயர் 1978இல்தான் வெளியே தெரிந்தது. அப்படத்தால் தமக்கு ஒரு பயனும் இல்லை என்று அவர் வருந்தினார். படம் எடுப்பவர் நல்லவராக இருந்தாலும், பெயர் கேட்க மறந்தால் மனிதர் பொருளாகிவிடுகிறார்.

ஆகவே நம் போட்டிக்கு மூன்று விதிகள் வேண்டும். முதலாவது, படத்தில் தெரிபவரிடம் அனுமதி கேட்க வேண்டும். இரண்டாவது, அவர் பெயரைக் கேட்டு, படத்தின் ஒரு பிரதியை அவருக்குக் கொடுக்க வேண்டும். மூன்றாவது, படங்கள் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் மட்டுமே இருக்க வேண்டும். கைபேசியில் ஊர் சுற்றக் கூடாது.

மூன்றாவது விதி பெற்றோருக்காக. பெண்பிள்ளைகளின் படம் தவறான கைக்குப் போய்விடுமோ என்ற அவர்களது அச்சம் நியாயமானது. ஆனால் அந்த அச்சத்தினால் பெண்கள் என்றும் படத்தில் நிற்பவர்களாகவே இருக்க வேண்டுமா? காமிராவுக்குப் பின்னாலும் நாங்கள் நிற்கக் கூடாதா? இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலா. அவர் எடுத்த தொடக்ககாலப் படங்கள் கணவரின் பெயரில்தான் வெளிவந்தன. அவரே 2011இல் பத்மவிபூஷண் விருது பெற்றார்.

கைபேசியைப் பள்ளிக்குக் கொண்டுவர அனுமதி கேட்கவில்லை. பள்ளிக்குப் பொதுவாக ஒரு சிறு காமிரா போதும். வகுப்புக்கு ஒரு வாரம், ஆளுக்கு ஒரே ஒரு படம். வசதியுள்ளவளுக்கும் இல்லாதவளுக்கும் அதே காமிரா. வேறுபடுவது பார்வை மட்டுமே. மதிப்பிற்குரிய அருட்சகோதரிகளும் ஆசிரியைகளும் மனம் வைத்தால், அடுத்த ஆண்டு மலரில் இதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்கலாம். முதல் தலைப்பை நானே முன்மொழிகிறேன்: ‘கை’. நம் பள்ளியைக் கூட்டுபவரின் கை, சமைப்பவரின் கை, மணி அடிப்பவரின் கை. அவர்கள் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கேட்டுவிட்டுப் படம் எடுப்போம், தோழியரே!

– பத்தாம் வகுப்பு மாணவி