மாடிப்படியும் முதுமையும்

தலைநகர் தில்லி உயரத் தொடங்கியிருக்கிறது. சரோஜினி நகரில் பழைய குவார்ட்டர்ஸ்களை இடித்துவிட்டு எழுப்பிய 28 அடுக்குமாடிக் கட்டடங்கள் 2025 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்டன. அவற்றில் 2,500-க்கும் மேற்பட்ட டைப்-2 வீடுகள் இருக்கின்றன. குமாஸ்தா ஒருவர் பொத்தானை அமுக்கினால் வீட்டு வாசலில் போய் இறங்கலாம். மகிழ்ச்சியே.

ஆனால் அதே குவார்ட்டர்ஸ்களில் காலம் தள்ளி, ஓய்வு பெற்று, பிராவிடண்ட் ஃபண்டைத் துடைத்துச் சொந்த வீடு வாங்கிய முந்தைய தலைமுறையின் நிலை என்ன? முனிர்க்காவிலும் மயூர் விஹாரிலும் உள்ள டி.டி.ஏ. பிளாட்டுகளைச் சுற்றி வந்தால் விடை கிடைக்கும். தரைத்தளத்தோடு சேர்த்து மூன்று அல்லது நான்கு தளங்கள், லிஃப்ட் கிடையாது. நான்கு தளத்துக்குள் நிறுத்திக்கொண்டால் லிஃப்ட் தேவையில்லை என்பதே அன்றைய கணக்கு. கட்டுமானச் செலவு குறைந்தது. குமாஸ்தாவுக்கும் வீடு எட்டியது. அதைக் குறை சொல்வதற்கில்லை. வாங்கியவருக்கு அப்போது நாற்பது வயது. சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு ஏறினார். இப்போது எண்பது.

மேல்தளத்துக்குச் சுமார் ஐம்பது படிகள். மலை மந்திரின் படிகளையாவது முருகனைப் பார்க்கவென்று ஏறலாம். இவை மதர் டெய்ரி பாலுக்கும் மாத்திரைக்கும் ஏற வேண்டிய படிகள். முழங்கால் பழுதான மாமி ஒருவர் வாரக்கணக்கில் கீழே இறங்குவதில்லை. காய்கறிக் கூடை கயிற்றில் மேலே போகிறது. பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். மாரடைப்பு வந்தால் ஸ்டிரெச்சர் திரும்ப இடமில்லாத படிக்கட்டில் நாற்காலியில் உட்கார வைத்துத்தான் தூக்கி வர வேண்டும்.

கட்டடத்தின் வெளிப்புறமாக லிஃப்ட் பொருத்த வழி இருக்கிறது. சில பிளாக்குகளில் பொருத்தியும் இருக்கிறார்கள். பல இடங்களில் காரியம் நின்றுபோவது தரைத்தளத்தில்தான். வெளிச்சம் போகும், காற்று போகும், சத்தம் வரும் என்கிறார்கள். மேல்வீட்டு விலை ஏறித் தம் வீட்டு மதிப்பு இறங்கிவிடும் என்பது வெளியே சொல்லாத காரணம். வெளிச்சத்தைப் பற்றிய கவலை நியாயமானது. கண்ணாடிக் கூண்டு வைத்தும், இடத்தைச் சற்றுத் தள்ளிப் போட்டும் அதைத் தீர்க்கலாம். மற்றதற்கு என்ன சொல்வது?

ஒன்றை நினைவூட்டலாம். டி.டி.ஏ. 1979-ல் திறந்த பதிவில் மட்டும் சுமார் 1,71,000 பேர் பணம் கட்டினார்கள். இருபது ஆண்டுக்கு மேல் காத்திருந்தவர்களும் உண்டு. கடைசியில் யாருக்கு எந்தத் தளம் என்பதைத் தீர்மானித்தது குலுக்கல். கீழ்வீடு கிடைத்தவர் சாமர்த்தியசாலியும் அல்லர், மேல்வீடு கிடைத்தவர் ஏமாளியும் அல்லர். பின்னாளில் கூடுதல் விலை கொடுத்துக் கீழ்வீட்டை வாங்கியவர்கள் வேறு கணக்குப் பேசலாம்; அவர்களுக்கும் முதுமை வரும், மேல்வீட்டில் நண்பர்களும் இருப்பார்கள்.

சிங்கப்பூரில் நம்மவர்களும் வாழும் பழைய அரசு அடுக்குமாடிகள் பலவற்றில் லிஃப்ட் எல்லாத் தளங்களிலும் நிற்காமல் இருந்தது. ஒன்றில் நின்றால் சில தளங்கள் தள்ளித்தான் அடுத்து நின்றது. 2001-ல் அரசு அதைத் திருத்தத் தொடங்கியது. பிளாக்கில் 75 சதவீதம் பேர் ஆதரித்து வாக்களித்தால் வேலை ஆரம்பமானது. செலவின் பெரும்பகுதியை அரசு ஏற்றது. ஒருவரின் மறுப்பு முழுப் பிளாக்கையும் முடக்க முடியவில்லை.

தில்லியில் அரசுப் பணத்துக்குக் காத்திருந்தால் இன்னொரு குலுக்கல் வரை காத்திருக்க நேரும். சங்கங்களே முயலலாம். மேல்தளத்தார் அதிகமும் அடுத்த தளத்தார் அதற்குக் குறைவாகவும் தரட்டும். தரைத்தளத்தாரிடம் ஒரு பைசாவும் கேட்க வேண்டாம். கையெழுத்து மட்டும் போதும். ஓய்வூதியத்தில் வாழ்பவரின் பங்கைத் தவணையாக வாங்கிக்கொள்ளலாம். அடுத்த பொதுக்குழுவில் பார்க்கிங் சண்டைக்கு முன்பாகவே இந்தத் தீர்மானத்தை எடுத்துக்கொள்வது நல்லது. கூட்டத்தைக் கீழே புல்வெளியில் கூட்டாமல் மேல்தளத்து வீடு ஒன்றில் கூட்டினால், கையெழுத்துகள் சற்றுச் சீக்கிரமாகவே விழக்கூடும்.